முதற் கப்பல் உலா: எந்தக் கப்பல், எந்த அறை?

வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதையைக் கடந்து, கடலோரக் கற்களின்மீது மாலை வேளையில் அமர்ந்திருப்போர்க்குக் கப்பல் புதிய காட்சி அன்று. தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றிக்கொண்டு கொழும்பை நோக்கி வரும் கப்பல்கள் அடிவானத்திற் சிறு புள்ளியாகத் தோன்றி, மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து, கோட்டைப் பக்கத்துக் கட்டடங்களின் பின்னே மறைவதை அவர்கள் நாடோறும் காண்கின்றனர். கொட்டாஞ்சேனையில் வாழ்வோர்க்கோ கப்பல் கண்ணிற் படுமுன்னரே காதில் விழுந்துவிடும். துறைமுகத்தில் எழும் ஊதொலி, புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசையோடும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தின் மணியோசையோடும் கலந்து அவர்களுடைய வீடுகளுக்குள் நுழைகின்றது. இங்ஙனம் கடலை ஒட்டியே வாழ்ந்தும், இவ்விரு பகுதி மக்களிற் பெரும்பாலோர் கப்பலில் ஓரிரவேனும் இன்பமாக உறங்கியவர் அல்லர்.

அண்மைக் காலத்தில் இவ்வீடுகளிற் சிலவற்றில் ஒரு புதுப் பேச்சு எழுந்திருக்கின்றது. தொறொன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ வாழும் பிள்ளைகள், பெற்றோரை ஒரு தடவை உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்ப விரும்புகின்றனர். அவர்கள் அனுப்பும் வண்ணப் படங்களில் நீச்சற் குளமும் நாடக மேடையும் பளிங்குப் படிக்கட்டும் காணப்படுகின்றன. கப்பல் எது, அறை எது என்று தெரிவுசெய்ய வேண்டிய இடத்திற்கு வரும்போதுதான் குடும்பத்திற் குழப்பம் தொடங்குகின்றது.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். வெள்ளவத்தையில் வாழும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், அவருடைய மனைவியார், கொட்டாஞ்சேனையிற் கணவனை இழந்து தனியே வாழும் மனைவியின் தமக்கையார். தமக்கையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பணிக்கொடையில் ஒதுக்கிவைத்த ஒரு தொகையும் பிள்ளைகள் அனுப்பிய ஒரு தொகையும் கையில் உண்டு. மூவரும் நான்கு இரவுகள் கப்பலிற் சென்று வர எண்ணுகின்றனர். இத்தகைய பயணம் இவர்களுக்கு மறுமுறை வாய்க்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலால், தெரிவு பிழைத்தால் இழப்பது பணம் மாத்திரம் அன்று.

கப்பலைத் தெரிவுசெய்தல் கொழும்புத் தமிழர்க்கு முன்னறியாத காரியம் என்று எண்ணுதல் தவறு. 1906 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் அதன் பெயராற் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அதுவரை அவ்வழியைத் தனியுரிமைபோல் ஆண்டுவந்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இறுதியில் இலவசமாக ஏற்றிச் செல்லவும், ஏறுவோர்க்குக் குடை ஒன்று கொடுக்கவும் முன்வந்தது என்பர். எந்தக் கப்பலில் ஏறுவது என்ற கேள்வி அன்று நாட்டுப் பற்றைச் சோதிக்கும் கேள்வியாக இருந்தது. எந்த அறை என்ற கேள்வியோ எழவே இல்லை. கடலைக் கடக்க ஓரிரவே போதுமாயிருந்தது. பெரும்பாலோர் மேற்றளத்திற் பாய் விரித்தே படுத்தனர்.

நெடுந்தூரப் பயணத்திலும் இதுவே நிலை. 1926 இற் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் ஓடியது. மலாயாவுக்குச் சென்ற தமிழர்களிற் பல்லாயிரவர் அதன் தளத்தில், தலைமாட்டில் தகரப் பெட்டியும் கால்மாட்டில் அரிசி மூட்டையுமாகப் படுத்துச் சென்றவர்களே. அறை என்பது வெள்ளைக்காரருக்கும் பெருஞ் செல்வருக்கும் உரிய பொருள்.

அவ்வறைகளிலும் உயர்வு தாழ்வு இருந்தது. கீழ்த்திசை நோக்கிச் செல்லும் ஆங்கில அதிகாரிகள், செங்கடலின் வெயிலுக்கு அஞ்சி, போகும்போது கப்பலின் இடப்புற அறையையும் திரும்பும்போது வலப்புற அறையையும் கேட்டுப் பெற்றனர் என்றும், அவ்வேற்பாட்டைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே ‘போஷ்’ என்ற சொல் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவ்வெழுத்துகள் பொறித்த பயணச்சீட்டு ஒன்றேனும் அகப்படவில்லை; கதை அழகிய கற்பனை என்றே அறிஞர் கொள்கின்றனர். எனினும் உள்ளே ஓர் உண்மை இருக்கின்றது. குளிரூட்டி இல்லாத காலத்தில், வெயில் எப்பக்கம் விழும் என்று பார்த்து அறை கேட்டவன் அறிவாளியே.

பின்னர் வந்த பெருங் கப்பல்கள் கொழும்பை வியப்பில் ஆழ்த்தின. 1961 இல் நீரில் ஓடத் தொடங்கிய கன்பரா என்னும் கப்பல் ஏறத்தாழ 45,000 தொன் அளவினது. தன் முதற் பயணத்திலேயே கொழும்பைத் தொட்டுச் சென்றது. அத்தகைய கப்பல்கள் துறைமுகத்தின் நடுவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளிற் கரைக்கு வந்து, இறங்குதுறைக்கு எதிரே நின்ற கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலிலும் கோட்டைக் கடைகளிலும் செட்டியார் தெருவிலும் கூடுவர். 1967 இல் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டாண்டுகள் திறவாதிருந்தமையும், ஆகாயவிமானம் மலிவானமையும் சேர்ந்து அக்காலத்தை முடித்துவிட்டன.

இன்று கப்பல் வேறொரு பொருளாக மாறிவிட்டது. முன்னர்க் கப்பல் ஓரிடத்திற்குச் செல்லும் வழி. இப்பொழுது கப்பலே செல்லுமிடம். உல்லாசக் கப்பல்கள் பருவகாலத்திற் கொழும்பைத் தொட்டுச் செல்கின்றன. ஆயினும் கொழும்பிலேயே தொடங்கிக் கொழும்பிலேயே முடியும் உலாக்கள் அரியன. ஆகவே, இங்குள்ளோர் பெரும்பாலும் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ விமானத்திற் சென்று அங்கே கப்பலேறுகின்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்னும் கப்பல் 2023 ஜூன் மாதத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் முதலிய துறைகளுக்குப் பெரிய கப்பல்கள் சென்று வருகின்றன.

முதலிற் பார்க்க வேண்டியது கப்பலும் அன்று, அறையும் அன்று, கடல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையையும் தென் கரையையும் அலைக்கழிக்கும். வெள்ளவத்தைக் கற்களின்மேல் அலை ஏறித் தெறிக்கும் அம்மாதங்களில், அதே கடலிற் செல்லும் கப்பல் எங்ஙனம் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அக்காலத்திற் கிழக்குக் கரை ஒப்பளவில் அமைதியாயிருக்கும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வங்காள விரிகுடாவிற் புயல் தோன்றும் காலம். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாருக்கும் அதற்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பற் சேவையை முடித்துவைத்த புயலைப் பெரியவர்கள் மறந்திரார். மாசி, பங்குனி மாதங்களே இப்பக்கத்துக் கடலுக்கு நல்ல மாதங்கள். மலாக்கா நீரிணையோ ஒருபுறம் சுமாத்திராவும் மறுபுறம் மலாயாவும் அரணாக நிற்க, ஆண்டின் பெரும்பகுதியும் குளம்போற் கிடக்கும். முதற் பயணத்திற்குச் சிங்கப்பூர் வழியைப் பலர் பரிந்துரைப்பதற்கு அந்நகரின் அழகு மாத்திரம் காரணம் அன்று.

அடுத்தது கப்பலின் அளவு. கப்பலுக்குக் கூறப்படும் மொத்தத் தொன் என்பது அதன் நிறை அன்று. உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கணக்கு. எம்பிரஸ் ஏறத்தாழ 48,500 தொன். கன்பராவைவிடச் சற்றே பெரிது. சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் ஏறத்தாழ 150,000 தொன். 2024 இல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய ஐக்கன் ஒஃப் த சீஸ் ஏறத்தாழ 250,000 தொன். அது நிறைந்தாற் பயணிகள் மாத்திரம் 7,600 பேர் கொள்வர். ஆக, 1961 இற் கொழும்பு மக்கள் கரையில் நின்று வியந்த அளவுடைய கப்பல், இன்று சிறு கப்பல் என்று பெயர் பெறும்.

பெரிய கப்பல் அலைக்கு எளிதில் அசையாது, அஃது உண்மை. ஆனால் ஆயிரமடி நீளமுள்ள கப்பலில் உணவுச்சாலை ஒரு முனையிலும் அறை மறுமுனையிலும் அமைந்தால், முழங்கால் நோவுள்ள ஒருவர் காலை உணவுக்குச் செல்லவே காலிமுகத்திடலை ஒருமுறை நடந்த களைப்பை அடைவார். சிறு கப்பலில் நடை குறைவு. மாலுமிகளும் பணியாளரும் இரண்டாம் நாளே முகம் பழகிவிடுவர். ஆனால் கடல் சற்றே புரண்டாலும் தெரிந்துவிடும். முதற் பயணம் செய்யும் முதியோர்க்கு நடுத்தர அளவுள்ள கப்பலும் நான்கு இரவுக்கு மேற்படாத பயணமும் போதும். பதினான்கு நாட் பயணம் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலிலேயே அதனைப் பற்றிக்கொள்வது, நீந்தத் தெரியாதவன் ஆற்றின் நடுவிற் குதிப்பதை ஒக்கும்.

இனி அறை. கப்பலில் நான்கு வகை அறைகள் உண்டு. உள்ளறைக்குச் சாளரம் இல்லை. வெளியறைக்குத் திறக்க இயலாத கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. மூன்றாவது பல்கனி அறை. கதவைத் திறந்து வெளியே நின்று கடலைப் பார்க்கலாம். நான்காவது பல அறைகள் சேர்ந்த பெருமனை. அதனைப் பற்றிப் பேசுவதைவிட அதில் வாழ்வோர்க்கு வாழ்த்துக் கூறுவது தகும். உள்ளறையின் பரப்பு பெரும்பாலான கப்பல்களில் 150 முதல் 180 சதுர அடி வரை. வெள்ளவத்தை மாடிவீடுகளிற் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் படுக்கையறையை மனத்திற் கொண்டால் அளவு விளங்கும். அதற்குள்ளேயே குளியலறையும் அடங்கும்.

விலை இதே வரிசையில் ஏறுகின்றது. பல்கனி அறையின் கட்டணம் சில வேளை உள்ளறையின் கட்டணத்தில் இருமடங்கை எட்டும். விலை கூடியதே மேலானது என்று கடைத்தெருவிற் பழகிய மனம் சொல்லும். கப்பலில் அவ்விதி செல்லாது. ஏன் என்பதை அறியக் கப்பல் அசையும் விதத்தைச் சிறிது அறிதல் வேண்டும்.

சிறுவர் பூங்காவில் இரு பிள்ளைகள் இரு முனைகளிலும் அமர்ந்து ஏறி இறங்கும் பலகையை யாவரும் கண்டிருப்பர். முனையில் இருக்கும் பிள்ளை உயரே போய்க் கீழே வருகின்றது. நடுவில் ஒரு பூனை படுத்திருந்தால் அதற்குத் தூக்கம் கலையாது. கப்பலும் அலையை எதிர்த்துச் செல்லும்போது முன்பக்கமாகிய அணியமும் பின்பக்கமும் இவ்வாறே மாறி மாறி ஏறி இறங்குகின்றன. நடுப்பகுதி அசைவது மிகக் குறைவு. பக்கவாட்டில் ஆடும்போது நிகழ்வது வேறு. காற்றில் ஆடும் தென்னையின் அடிமரம் அசைவதில்லை, வட்டு ஆடுகின்றது. கப்பலிலும் மேற்றளங்கள் அதிகம் ஆடும். நீர்மட்டத்தை அண்டிய தளங்கள் குறைவாக ஆடும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கீழ்த்தளங்களின் நடுப்பகுதியே அமைதியான இடம் என்பது தெளிவாகும். பல்கனி அறைகளும் பெருமனைகளும் பெரும்பாலும் மேற்றளங்களிலேயே உள்ளன. விலை ஏற ஏற ஆட்டமும் ஏறுகின்றது என்பதை விற்பனை முகவர் தாமாகக் கூறுவதில்லை, கேட்டாற் கூறுவர்.

பக்க ஆட்டத்தைக் குறைப்பதற்கு மீனின் செட்டைபோல இருபுறமும் நீருள் நீளும் அமைப்புகள் இன்றைய கப்பல்களில் உண்டு. கொழும்புக்குப் பழக்கமான சூசான் என்னும் கப்பல் 1950 இலேயே அவற்றைப் பொருத்திக்கொண்டது. அவை பக்க ஆட்டத்தை வெகுவாகத் தணிக்கும். முன்பின் ஆட்டத்தைத் தணிக்க அவற்றால் இயலாது. ஆகவே அறை நடுவில் இருத்தல் இன்றும் பொருளுடைய யோசனையே.

கடல் மயக்கம் நோய் அன்று. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு உடல் அசைகின்றது என்கின்றது. அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ அசையவில்லை என்கின்றது. இருவர் சொல்லும் முரண்பட, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகின்றது. அடிவானத்தைப் பார்த்தாற் கண்ணும் செவியும் ஒத்துப்போகும்; கண்ணை மூடிப் படுத்தாலும் பூசல் தணியும். நூல் படித்தல் கூடாது. இஞ்சி பலருக்கு உதவுகின்றது. மாத்திரை விழுங்க விரும்புவோர், குறிப்பாகக் கண்ணழுத்தமோ சிறுநீர்த் தடையோ உள்ள முதியோர், மருத்துவரைக் கேட்ட பின்னரே விழுங்க வேண்டும். மயக்கம் தொடங்குமுன் விழுங்கினாலே அது பயன் தரும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் சென்று வாந்தியெடுத்தவர்கள், தமக்குக் கப்பலும் ஆகாது என்று அஞ்சத் தேவையில்லை. சிறு படகின் துள்ளல் வேறு. பெருங் கப்பலின் மெல்லிய சாய்வு வேறு. தம்மைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்கு, 2023 ஒக்டோபரிற் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் சேவை ஒரு வாய்ப்பு. அஃது ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்; அறை இல்லை, இருக்கை மாத்திரமே.

அங்ஙனமாயின் கீழ்த்தளத்து நடுவில் ஓர் உள்ளறையை எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்திவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். பகலெல்லாம் வெளியே திரிந்து இரவில் உறங்க மாத்திரம் அறைக்கு வருவோர்க்கு அது சரியான முடிவே. அவ்விருளில் உறக்கம் நன்றாக வரும். ஆனால் உள்ளறையில் விடிந்ததும் தெரியாது, பொழுது சாய்ந்ததும் தெரியாது. 2020 பெப்ரவரியில் டயமண்ட் பிரின்செஸ் என்னும் கப்பல் கொரோனா நோய் காரணமாக ஜப்பானின் யோக்கஹாமாத் துறையில் தடுத்து நிறுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 700 பேருக்கு மேற்பட்டோரைத் தொற்றுப் பிடித்தது. பயணிகள் இரு வாரமளவில் தத்தம் அறைகளிலேயே அடைந்து கிடந்தனர். பல்கனி உள்ளவர்கள் காற்றையும் வெயிலையும் கண்டனர். உள்ளறையில் இருந்தவர்களைச் சிறிது நேரம் தளத்திற்கு அழைத்துச் சென்று உலவவிட்டனர். அத்தகைய நிலை அடிக்கடி நேர்வதன்று. ஆயினும் நோயுற்று ஒரு நாள் அறையிற் படுக்க நேர்ந்தாலும், சாளரம் இல்லாமையின் பொருள் அப்பொழுது விளங்கும்.

கொழும்புத் தமிழர்க்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. மேலே கூறிய குடும்பத்துத் தமக்கையார் கப்பலேறாதவர் அல்லர். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்து, கொழும்பிலுள்ள முகாம்களில் அடைக்கலம் புகுந்தவர்களிற் பல்லாயிரவர் லங்கா கல்யாணி முதலிய சரக்குக் கப்பல்களிற் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1958 இலும் இங்ஙனம் கடல்வழியே அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் அறை கேட்டவர்கள் அல்லர். சரக்கு ஏற்றும் இடத்தில், உடுத்த உடையோடு, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சென்றவர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று எழுபது வயதைக் கடந்த பலருக்குக் கப்பல் என்ற சொல்லின் முதற்பொருள் அதுவே. இதனைப் பிள்ளைகள் அறிந்திருந்தாலும் அறை பதிவு செய்யும் வேளையில் நினைப்பதில்லை. சாளரமற்ற, இரும்புச் சுவர் சூழ்ந்த, இயந்திரத்தின் முழக்கம் கேட்கும் ஓரிடத்தில் இரவு விழித்துக்கொள்ளும் முதியவருக்கு எந்த இரவு நினைவுக்கு வரும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவரிடமே கேட்க வேண்டும். கேட்டால், பெரும்பாலும், எனக்கு எதுவும் சரி என்றே கூறுவர். அவ்விடையை நம்பி உள்ளறை எடுத்துவிடுதல் ஆகாது.

சாளரம் உள்ள வெளியறை பெரும்பாலும் கீழ்த்தளங்களில் அமைந்திருப்பது ஒரு நற்பேறு. வெளிச்சமும் கிடைக்கும், ஆட்டமும் குறையும். விலையும் பல்கனிக்குக் குறைவு. முதற் பயணம் செய்வோரிற் பெரும்பாலோர்க்குப் பொருந்துவது இவ்வறையே. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். சில தளங்களிற் சாளரத்திற்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும். அத்தகைய அறை சற்று மலிவாகக் கிடைக்கும். சாளரத்தைத் திரைநீக்கிப் பார்த்தால் கடலுக்குப் பதிலாகப் படகின் செம்மஞ்சள் வயிறு தெரியும். விவரக் குறிப்பிலே ‘மறைப்புள்ள காட்சி’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பர்.

பல்கனியைப் பற்றியும் ஒரு சொல். காலையில் தேநீர்க் கோப்பையோடு கடலை நோக்கி அமரும் படம் யாரையும் கவரும். மனிதக் கூட்டத்தை விரும்பாதவர்க்கும், சேர்ந்தாற்போல மூன்று நான்கு நாள் கரை காணாத பயணம் செய்வோர்க்கும் அது தகுந்த செலவே. நான்கு இரவுப் பயணத்தில், நாள்தோறும் ஒரு துறையில் இறங்கி ஊர் பார்க்கும் குடும்பத்திற்கு, அதில் உட்காரும் நேரம் மிகச் சொற்பம். நம் கடலின் வெக்கையோ மற்றொரு தடை. பல கப்பல்களிற் பல்கனிக் கதவைத் திறந்தவுடன் அறையின் குளிரூட்டி நின்றுவிடும்.

அறையின் வகையைத் தீர்மானித்த பின் அதன் இடத்தைப் பார்க்க வேண்டும். கப்பற் கம்பெனிகள் ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தையும் வெளியிடுகின்றன. கொள்ள விரும்பும் அறையின் இலக்கத்தை அதிற் கண்டு, அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று நோக்குதல் வேண்டும். மேலும் கீழும் அறைகளே அமைந்திருப்பின் நன்று. மேலே நீச்சற் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் ஓசை கேட்கும். கீழே ஆடலரங்கு இருந்தால் நள்ளிரவு கடந்தும் முரசொலி கேட்கும். சமையற்கூடத்தின் அருகே இருந்தாற் பாத்திரங்களின் ஓசை. அணியத்தை அடுத்த அறைகளில் நங்கூரச் சங்கிலியின் ஓசை, துறை சேரும் விடியலில், உறங்குபவரைத் தூக்கிவாரிப் போடும். மின்தூக்கிக்கு மிக அருகேயும் இருத்தலாகாது, மிகத் தொலைவிலும் இருத்தலாகாது. ஐந்தாறு அறை தள்ளியிருந்தால் முழங்காலுக்கும் நல்லது, உறக்கத்திற்கும் நல்லது. ‘அறையை நாங்கள் பின்னர் ஒதுக்குவோம்’ என்ற நிபந்தனையோடு மலிவான சீட்டுகளும் விற்கப்படுகின்றன. இளைஞர் அவற்றை வாங்கலாம்.

அறைக்கு வெளியே ஒன்று. 2012 ஜனவரி 13 ஆம் திகதி இரவு கொஸ்தா கொன்கோர்டியா என்னும் கப்பல் இத்தாலியின் ஜீலியோத் தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்றே கப்பலேறிய பலருக்கு அபாயகால ஒத்திகை அதுவரை நடத்தப்படவில்லை. அதன் பின்னர், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நிகழ வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. அபாய வேளையில் மின்தூக்கி இயங்காது. படியாலேயே செல்ல வேண்டும். முதியவர் தம் அறையிலிருந்து, குறிக்கப்பட்ட ஒன்றுகூடும் இடத்திற்கு எத்தனை படிகள் என்று முதல்நாளே ஏறிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கீழ்த்தள அறை எடுப்போர்க்கு இது மிகவும் அவசியம்.

செலவுக் கணக்கில் முதற் பயணிகள் தவறுவது இரண்டிடங்களில். விளம்பரத்திற் காணும் கட்டணம் ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளொருவருக்குக் கூறப்படுவது. ஒருவரே தங்கினால் ஏறக்குறைய இருவர் கட்டணமும் அவர் தலையில் விழும். அதற்கு மேல் துறைமுக வரியும் பணியாளர்க்குரிய அன்பளிப்பும் தனியே வரும். மற்றது விசா. இந்தியாவிற் கப்பலேறி, வேற்று நாட்டுத் துறையைத் தொட்டு, மீண்டும் இந்தியாவில் இறங்குவோர் அந்நாட்டுக்குள் இருமுறை நுழைகின்றனர். ஒருமுறை நுழைவதற்கு மாத்திரம் பெற்ற அனுமதி போதாது. பணம் கட்டுமுன் இதனைத் தெளிந்துகொள்ள வேண்டும். சைவ உணவு உண்போர் பதிவு செய்யும்போதே அதனைக் குறிப்பிட்டுவிடல் நலம்.

இனி அம்மூவரின் காரியம். ஒரே அறையில் மூவர் தங்கினாற் செலவு குறையும். மூன்றாமவருக்குக் கட்டணமும் சலுகையாகக் கிடைக்கும். ஆனால் மூன்றாவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்து இறக்கப்படும் மேற்படுக்கை. ஏணியால் ஏற வேண்டும். எழுபதைக் கடந்தவரும் அதில் ஏறமாட்டார், எழுபதை நெருங்கும் எழுதுவினைஞரும் ஏறமாட்டார். ஆகவே இரண்டு அறைகள் வேண்டும். கணவனும் மனைவியும் ஒன்றில், தமக்கையார் மற்றொன்றில் என்றே முதலில் எண்ணுவர். அங்ஙனம் செய்தாற் சாளரமுள்ள அறைக்குத் தமக்கையார் தனியாளாக இருவர் கட்டணம் செலுத்த நேரும். இரவில் தனிமையும் சேரும். மாற்றிப் பார்க்கலாம். கீழ்த்தளத்தின் நடுவில், சாளரமுள்ள வெளியறை ஒன்றில் சகோதரிகள் இருவரும் தங்கட்டும். நடைபாதைக்கு மறுபுறம், அதற்கு நேரெதிரே உள்ள மலிவான உள்ளறையில் எழுதுவினைஞர் தனியே தங்கட்டும். தனியாளுக்குரிய மேலதிகக் கட்டணம் குறைந்த விலை அறையின்மீதே விழும். பல்கனி அறைகள் இரண்டு எடுப்பதிலும் இது மிக மலிவு. மிஞ்சும் பணத்திற் பினாங்கில் இறங்கி நல்ல உணவு உண்ணலாம்.

தங்கையோடு ஓரறையிற் படுத்து, நெடுங்காலம் பேசாத கதைகளைப் பேசித் தமக்கையார் உறங்கிவிடுவார். எதிரறையில் இருக்கும் எழுதுவினைஞர்க்கு விடிந்துவிட்டதா என்று அறிய வேறு வழியில்லை. எழுந்து சென்று அவர்களுடைய கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.